இமயம் தாண்டும் தசைக்கும் துரத்தல் ஆகாது

தென் மாவட்டத்தில் கால்நடை மருத்துவம் பார்ப்பதால், குளிர்காலம் வந்தால் அடிபட்ட நீர்ப்பறவைகளை எங்களிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். எந்தப் பறவையானாலும் என் விரல் முதலில் போவது மார்பெலும்புக்குத்தான். இருபுறமும் சதை திரண்டிருந்தால் நன்றாக இரை எடுத்திருக்கிறது. எலும்பு கூராகத் தட்டுப்பட்டால் பட்டினி.

அந்த மார்புச் சதையில் வியக்கத்தக்கது பட்டைத்தலை வாத்தினுடையது. மங்கோலியா, திபெத், லடாக் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, இமயத்தைக் கடந்து தெற்கே கூந்தன்குளம் வரை வருகிற பறவை இது. 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதிதான். கிடைக்கும் ஆக்சிஜனும் அதே கணக்கு. சிறகடித்துப் பறக்கவோ, சும்மா இருக்கும்போது செலவாவதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். இவற்றுக்குக் கருவி பொருத்தி ஆய்வு செய்திருக்கிறார்கள். அதில் ஒரு வாத்து 7,290 மீட்டர் வரை ஏறியிருந்தது.

எப்படி முடிகிறது? பிராய்லர் கோழியின் நெஞ்சுக்கறி வெளுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆக்சிஜனை எதிர்பார்க்காமல் சர்க்கரையை எரித்துச் சட்டென்று துள்ளுவதற்கான தசை அது, சீக்கிரம் சோர்ந்துவிடும். இந்த வாத்தின் மார்புச் சதை கருஞ்சிவப்பு. ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபினும், அதைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் நிறைந்தது. தாழ்நில வாத்துகளோடு ஒப்பிட்டால் தசை இழைகளைச் சுற்றி நுண் ரத்தக்குழாய்கள் அதிகம். மைட்டோகாண்ட்ரியாவும் இழையின் ஓரமாக, ரத்தக்குழாயை ஒட்டியே கூடுதலாக இருக்கின்றன. ஆக்சிஜன் கடக்கவேண்டிய தூரம் குறைந்துவிடுகிறது. அப்புறம், ஹீமோகுளோபினும் ஆக்சிஜனை இறுக்கமாகப் பற்றும் வகை. கடல்மட்டத்தில், மனிதர் பராமரிப்பில் வளர்ந்த வாத்துகளிலும் இந்தத் தசை அமைப்பு இருந்தது. மலையில் பழகி வந்ததல்ல, பிறவியிலேயே வந்தது.

எரிபொருள் விஷயத்தில் எல்லா மலைவிலங்கும் ஒரே வழியில் போவதில்லை. ஒரே அளவு ஆக்சிஜனுக்குக் கொழுப்பைவிடச் சர்க்கரை சுமார் 15 சதவீதம் கூடுதல் ஆற்றல் தரும். ஆண்டிஸ் மலை எலிகள் ஓடும்போது சர்க்கரையை அதிகம் நம்புவது அதனால்தான். வாத்துக்கு அது கட்டாது. நெடும்பயணத்துக்குச் சுமை குறைவாக இருக்கவேண்டும். கொழுப்பில் ஒரு கிராமுக்கு இரு மடங்குக்கு மேல் ஆற்றல். திரும்பிப் போவதற்கான அந்தக் கொழுப்பை நம் குளத்திலும் வயலிலும் மேய்ந்துதான் சேர்க்கத் தொடங்குகிறது. போட்டோவுக்காகக் கூட்டத்தை எழுப்பிப் பறக்கவிட்டால், ட்ரோன் விட்டால், கரைவது அந்தச் சேமிப்புதான்.

அதைவிட மோசம் துரத்திப் பிடிப்பது. ஆக்சிஜன் வரத்துக்கேற்பச் சீராக உழைக்கிற தசை, உயிர்பயத்தில் வரத்தை மீறி உழைக்கிறது. லாக்டிக் அமிலம் சேர்கிறது, உடல் சூடேறுகிறது, இழைகள் சிதைகின்றன. சிதைந்த தசையிலிருந்து கசியும் மயோகுளோபின் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. பூநாரை, கொக்கு போன்ற நெடுங்கால் பறவைகளில் இதை அதிகம் காணலாம், வாத்துகளும் விலக்கல்ல. "நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர், ரெண்டு நாள் கழிச்சு செத்துப்போச்சு" என்று சொல்லக் கேட்கும்போதெல்லாம் மனசு கனக்கும். காயம் சின்னதாக இருந்திருக்கும். சாக்குக் கயிற்றால் காலையும் சிறகையும் கட்டி, பைக்கில் வெயிலோடு கொண்டுவந்திருப்பார்கள். தசை சிதைந்தபின் நாங்கள் குளுக்கோஸ் ஏற்றியும் பெரும்பாலும் காப்பாற்ற முடிவதில்லை.

அடிபட்ட பறவையைப் பார்த்தால் துரத்தாதீர்கள். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, நாய்களும் கூட்டமும் நெருங்காமல் தள்ளி நின்று பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கியே ஆகவேண்டும் என்றால் கையுறை, முகக்கவசம் அவசியம். 2021 தொடக்கத்தில் இமாசலத்தின் போங் அணைப் பகுதியில் பறவைக் காய்ச்சலில் ஆயிரக்கணக்கில் செத்தவற்றில் பெரும்பாலானவை இதே வாத்துதான். தலையோடு சேர்த்து மெல்லிய துணியைப் போர்த்தி, காற்றோட்டமான அட்டைப்பெட்டியில், இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். கட்டவேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்றவேண்டாம், செல்ஃபி எடுக்கத் திறந்து திறந்து பார்க்கவும் வேண்டாம்.