தென்னந்தோப்பில் பறக்கும் தட்டும், வலிக்கும் முழங்கையும்

வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிசியோதெரபி பார்க்கிறேன். கிளினிக் பலகையில் தமிழும் உண்டு, மலையாளமும் உண்டு. வருகிறவர்களின் வலியை வைத்தே தொழிலைச் சொல்லிவிடலாம். தோள்பட்டை என்றால் கள் இறக்குபவர், இடுப்பு என்றால் டிராக்டர் ஓட்டுபவர். அதனால் கஞ்சிக்கோட்டில் வேலை பார்க்கும் 23 வயதுப் பையன் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தபோது, ஏதோ மெஷின் வேலை என்றுதான் நினைத்தேன்.

“குடத்தைத் தூக்கினா வெளிப்பக்கம் சுள்ளுன்னு இழுக்குதுங்க சார்.”

“என்ன வேலை செய்யறீங்க?”

“வேலையால வரலீங்க. டிஸ்க் கோல்ஃப்.”

பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் கூடை. எத்தனை குறைந்த எறிதலில் கூடையில் விழுகிறது என்பதுதான் கணக்கு. 1970களில் கலிஃபோர்னியாவில் எட் ஹெட்ரிக் என்பவர் இதற்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தார். வெளிநாட்டிலிருந்து வந்த அண்ணன் நாலு தட்டு கொண்டுவந்தாராம். பையன்கள் தோப்பில் தென்னைக்குத் தென்னை பிளாஸ்டிக் தொட்டி கட்டி, மேலே நாய்ச் சங்கிலியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். தேங்காய் விழுகிற தோப்பில் அண்ணாந்து பார்த்து ஆடும் விளையாட்டு! அதைப் பற்றித் தனியாகத் திட்டினேன்.

கையை நீட்டி முஷ்டியை மடக்கச் சொன்னேன். மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லி, நான் கீழே அழுத்தினேன். முகம் சுளித்தான். முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் விரல் வைத்ததும் கையை இழுத்துக்கொண்டான். பந்து மட்டையைத் தொடாமலேயே டென்னிஸ் எல்போ.

உங்களுக்குப் பிடித்த ஆட்டக்காரர் யார் என்று கேட்டேன். வலி மறந்துபோய்ப் பேசினான். பால் மெக்பெத். ஆறு உலகப் பட்டம், 2021இல் தட்டு தயாரிக்கும் நிறுவனத்தோடு பத்து வருடத்துக்கு ஒரு கோடி டாலர் ஒப்பந்தம். அப்புறம் டேவிட் விக்கின்ஸ் ஜூனியர். 2016இல் நெவாடா பாலைவனத்தில் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு 338 மீட்டர் எறிந்தவர். “நாங்க எம்பி எம்பி எறிஞ்சாலும் 70 மீட்டர் தாண்ட மாட்டேங்குதுங்க.” வலி எங்கே ஆரம்பித்தது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

அன்று ராத்திரி நானும் உட்கார்ந்து அந்த ஆட்ட வீடியோக்களைப் பார்த்தேன். இப்போது நானும் ரசிகன்தான், மறைக்கவில்லை. ஆனால் பையன்கள் கையைப் பார்க்கிறார்கள், என் கண் காலுக்குத்தான் போகிறது. வலது கை பேக்ஹேண்டில் கடைசி அடியில் வலது கால் ஊன்றுகிறது. உடம்பின் எடை அதன் மேல் வந்து நிற்க, இடுப்பு திரும்புகிறது. இடுப்பு தோளை இழுக்கிறது, தோள் முழங்கையை. மணிக்கட்டு கடைசியில்தான் வருகிறது. தட்டு போனபின் மெக்பெத்தின் முன்காலைப் பாருங்கள்: விரல்கள் மேலே எழும்ப, குதிகாலில் உடம்பு சுழன்று நிற்கும். அந்தச் சுழற்சி இல்லாவிட்டால் திருகல் முழுக்க மூட்டில் விழும். நம் பையன் செருப்புக் காலோடு, நின்ற இடத்திலிருந்து, வெறும் கையை வீசியிருக்கிறான். காலும் இடுப்பும் செய்ய வேண்டிய வேலையை முழங்கையின் வெளிப்பக்கம் இருக்கும் சின்னத் தசைநாண் செய்தது.

இதில் நம் ஊர்க் காற்றும் சேர்த்தி. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரே அடித்தால் தட்டு கவிழ்ந்து ஒரு பக்கம் ஓடிவிடும். இன்னும் வேகமாக எறிந்தால் இன்னும் கவிழும். அனுபவசாலி அங்கே கவிழாத தட்டை எடுத்து, தாழ்வாக, நிதானமாக விடுவார். புதியவர் பல்லைக் கடித்துக்கொண்டு கையை வீசுவார்.

அடுத்த முறை அவன் வந்தபோது ஜேம்ஸ் கான்ராடு எறிந்த வீடியோவைக் காட்டினேன். 2021, யூட்டாவின் ஆக்டன் நகரில் உலகப் போட்டி, கடைசிக் கூடை. மெக்பெத் ஒரு எறிதல் முன்னால். கான்ராடு சுமார் 75 மீட்டரிலிருந்து எறிந்ததே கூடையில் விழ வேண்டும், இல்லையென்றால் முடிந்தது. அவர் கையில் இருந்தது தூரம் போகும் வேகமான தட்டான டிரைவர் அல்ல, புட்டர். பக்கத்திலிருந்து போடுவதற்கான மெதுவான தட்டு. வளைந்து போய்ச் சங்கிலியில் விழுந்தது. அப்புறம் சமனை உடைக்கும் பிளேஆஃபில் பட்டத்தையும் வாங்கினார். ரசிகர்கள் இன்றும் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அந்த 75 மீட்டரைத்தான். “இது நம்ம தூரம்தானேங்க சார்” என்றான். அதேதான்!

புதிதாக ஆடுபவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்: டிரைவரைப் பையிலேயே வையுங்கள். வேகமான தட்டு வேகமான கையைக் கேட்கும், இல்லாத வேகத்தை முழங்கையிலிருந்து பிடுங்கும். புட்டரோடு சில மாதம் பழகுங்கள். ஷூ போடுங்கள். ஃபோர்ஹேண்ட் எறிபவர்களுக்கு வலி முழங்கையின் உள்பக்கம் வரும். மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். புதிதாக வீங்கிய மூட்டை எண்ணெய் தேய்த்து விடும் உழிச்சலுக்குக் கொண்டுபோய் அமுக்க வேண்டாம். எண்ணெய்மேல் எனக்குப் பகை இல்லை, முறிவா கிழிவா என்று தெரிந்தபிறகு போகலாம்.

எனக்குப் பிடித்தவர்கள் என்று கேட்டால் இருவர். பெய்ஜ் பியர்ஸ், ஐந்து உலகப் பட்டம். 2023இல் கணுக்கால் முறிந்தும் திரும்ப வந்தவர். ரிக்கி வைசாக்கி, 2016, 2017 சாம்பியன். உண்ணி கடித்து வரும் லைம் நோயில் துவண்டு, எழுந்து, மறுபடி வென்றவர். அவருடைய கதையைச் சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே தட்டு பாதி நேரம் புதரில்தான் கிடக்கும். நம் மலையடிவாரப் புதர்களில் ஸ்க்ரப் டைஃபஸ் உண்டு. தமிழ்நாட்டுப் பக்கம் உண்ணிக்காய்ச்சல், கேரளத்தில் செள்ளுப்பனி. கண்ணுக்கே தெரியாத சிறு பூச்சி கடித்துப் பரவுவது. தட்டு தேடிய ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் தலைவலியும் வந்தால், அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்டதுபோலக் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பொருக்கு இல்லாமலும் வரும். டாக்டரிடம் “புதருக்குள் போனேன்” என்பதை மறக்காமல் சொல்லுங்கள். சீக்கிரம் பிடித்தால் மாத்திரையிலேயே அடங்கும். விட்டால் உயிருக்கே ஆபத்து.

பையனுக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, மேஜை விளிம்பில் மணிக்கட்டை வைத்து, மெதுவாக இறக்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். இடது கையால் மேலே தூக்கிவிட வேண்டும், வலது கை தனியாக இறக்க வேண்டும். ஆறாவது வாரம் குடம் தூக்கினான். நடுவில் ஒருநாள் போனில் கேட்டான்:

“சார், அதுவரைக்கும் இடக்கையில எறியலாமுங்களா?”

“எறியலாம். புட்டர் மட்டும்.”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “இடக்கைக்கு டிரைவர் நேத்தே எடுத்துட்டனுங்க சார்.”