உடைக்காமல் ஆழம் பார்ப்பது

கோபியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “போர்டிகோ பீம்ல விரிசல் விட்டிருக்குதுங்க. உடைக்காமலே எவ்வளவு ஆழம் போயிருக்குதுன்னு சொல்ல முடியுங்களா?”

முடியும். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காயைத் தட்டி, ஓசையை வைத்தே காயைத் தரம் பிரிப்பார்களே, அதே வித்தைதான். சிவில் மாணவர்களுக்கு இதை ‘என்.டி.டி.’ (நான்-டிஸ்ட்ரக்டிவ் டெஸ்டிங், அதாவது உடைக்காமல் சோதிப்பது) என்று தனிப் பாடமாகவே நடத்துகிறோம்.

ரீபவுண்ட் சுத்தியலைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஸ்பிரிங் அடித்துத் துள்ளும் அளவை வைத்து மேற்பரப்பின் கடினத்தைச் சொல்லும். பழைய கான்கிரீட்டில் கரியமில வாயு ஏறித் தோல் இறுகியிருப்பதால் கொஞ்சம் கூட்டியே காட்டும். அதை வைத்துக் கணிக்கும் வலிமை 25 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம் என்று இந்தியத் தரக்குறியீடே சொல்கிறது. சரி, அது போகட்டும். எனக்குப் பிடித்தது மீயொலி, அதாவது காதுக்கு எட்டாத அல்ட்ராசவுண்ட்.

நொடிக்கு 54,000 முறை அதிரும் ஒலித்துடிப்பைக் கருவியின் ஒரு முனையிலிருந்து கான்கிரீட்டுக்குள் அனுப்பி, மறுமுனை எத்தனை மைக்ரோ நொடியில் வாங்குகிறது என்று பார்ப்போம். நல்ல கான்கிரீட்டில் ஒலி நொடிக்கு 4 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். காற்றில் வெறும் 340 மீட்டர். மெதுவாகப் போவது மட்டுமில்லை, கான்கிரீட்டிலிருந்து காற்றுக்குள் இறங்கவே ஒலி மறுக்கும். கிட்டத்தட்ட முழுவதும் திரும்பி வந்துவிடும். அதனால்தான் முனைகளில் கிரீஸ் தடவுகிறோம். ஒரு மாணவி கிரீஸை மறந்துவிட்டு, “மெஷின் ரிப்பேருங்க சார்” என்றாள். இடையில் இருந்தது தாள் கனத்துக்கும் குறைவான காற்று!

விரிசலுக்குள் இருப்பதும் அதே காற்றுதானே? குறுக்கே போக முடியாத ஒலி, விரிசலின் அடிநுனியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் ஏறி வரும். சுற்று வழி, கூடுதல் நேரம்.

வகுப்புக்காக ஒரு கான்கிரீட் கட்டை வார்த்தோம். ஈரமாக இருக்கும்போது தகரத்தைச் செருகி, இறுகுவதற்குள் உருவி, செயற்கை விரிசல் செய்தோம். ஆழத்தை மாணவர்களிடம் சொல்லவில்லை. விரிசலுக்கு இருபுறமும் 150 மி.மீ. தள்ளி முனைகளை வைத்தார்கள். விரிசல் இல்லாத இடத்தில் இதே 300 மி.மீ. தூரத்துக்கு 75 மைக்ரோ நொடி, இங்கே 125. மைக்ரோ நொடிக்கு 4 மி.மீ. என்றால், ஒலி நடந்தது 500 மி.மீ. ஒரு பக்கத்துக்கு 250. மேலே 150, சாய்வு 250, அப்படியானால் செங்குத்து? பள்ளிக்கூடத்து பித்தாகரஸ் வந்து 200 என்று சொல்லிவிட்டுப் போனார். தகரத்தை எடுத்து அளந்து காட்டினேன். கைதட்டினார்கள். தேற்றத்துக்குக் கைதட்டல் விழுந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இந்தக் கருவி, நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில், ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் கண்ணாடி அலமாரியை விட்டு வெளியே வரும். இன்னொரு பக்கம், விரிசல் கண்டதும் வாஸ்துக்காரர் சொன்னார் என்று வாசலை இடித்து மாற்றுகிறவர்கள். அந்தச் செலவில் ஒரு பங்கு போதும், பீமைச் சோதித்துவிடலாம்.

கோபி நண்பருக்கு இரண்டு விஷயம். ஐப்பசி மழையில் அளக்க வேண்டாம். விரிசலில் தண்ணீர் நின்றால் ஒலி அதன் வழியே குறுக்கே கடந்து, ஆழத்தைக் குறைத்துக் காட்டிவிடும். விரிசலைத் தாண்டிப் போகும் கம்பியும் அதே வேலையைச் செய்யும். பீமில் கம்பி இல்லாமல் இருக்காது. எனவே கம்பி காட்டும் கருவியால் முதலில் அதன் இடத்தைக் குறித்துக்கொண்டு, கூடியவரை விலகி முனைகளை வைக்கச் சொல்லுங்கள்.