வைக்கோலைச் செரிக்க வைக்கும் தழை

சித்திரை வெயிலில் மேய்ச்சல் நிலம் வெறும் புழுதியாகி, கடலைக்கொடியும் சோளத்தட்டையும் தீர்ந்துபோன பின், பட்டியில் அடைத்த செம்மறிகளுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் நெல் வைக்கோல் ஒன்றுதான். போர் நிறைய வைக்கோல் இருந்தாலும் ஆடுகள் மெலிகின்றன. வயிறு பானையாக உப்பியிருக்க, முதுகைத் தடவினால் எலும்பு கையில் தட்டுகிறது. பால் வற்றிய தாயின் மடியைக் குட்டி முட்டி முட்டி ஓய்ந்துவிடுகிறது. அதே பட்டியில் நாள்தோறும் சவுண்டல் தழையோ அகத்திக் கிளையோ ஒடித்துப் போடத் தொடங்கினால் ஆடுகள் மெல்லத் தேறுகின்றன. தழையில் சத்து இருக்கிறது, ஆகவே ஆடு தேறுகிறது என்று இதைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் தழை போடத் தொடங்கிய பின் ஆடு வைக்கோலையும் முன்பைவிடக் கூடுதலாகத் தின்கிறது. இதற்கான விடை ஆட்டின் வயிற்றுக்குள் நடக்கும் வேலையில் இருக்கிறது.

ஒரு வைக்கோல் தாளை விரல்களுக்கிடையே வைத்து உருவிப் பார்த்தால் அதன் ஓரம் ரம்பம் போல அறுக்கும். நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சித் தன் மேல்தோலில் படியவிட்ட சிலிக்காவே அதற்குக் காரணம். தாளின் உட்புறத்தில் மாவுச்சத்துக்கு உறவான செல்லுலோஸ் ஏராளமாக உண்டு. ஆனால் லிக்னின் என்னும் கடினப் பொருள் அதைச் சுற்றி இறுகப் பிணைந்திருக்கிறது. செம்மறியின் உடலில் செல்லுலோஸை உடைக்கும் நொதி எதுவும் சுரப்பதில்லை. அந்த வேலையைச் செய்பவை, நான்கு அறைகள் கொண்ட அதன் இரைப்பையின் முதல் அறையாகிய அசையூண் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். ஏறத்தாழ 39 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், காற்றில்லாத அந்த நொதித்தொட்டியின் ஒரு மில்லிலிட்டர் நீரில் சுமார் 1000 கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நாரைச் செரிப்பவை தாளின் வெட்டுவாயிலும் கீறலிலும் ஒட்டிக்கொண்டு, அதைச் சிறுகச் சிறுகக் கரைத்து அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களாக மாற்றுகின்றன. ஆட்டுக்குக் கிடைக்கும் ஆற்றலின் பெரும்பகுதி இந்த அமிலங்களிலிருந்தே வருகிறது. அந்த நுண்ணுயிர்களும் உணவோடு அடுத்தடுத்த அறைகளுக்கு அடித்துச் செல்லப்பட்டு, அங்கே செரிக்கப்பட்டு, ஆட்டுக்குப் புரதமாகின்றன.

இந்தக் குடித்தனம் பெருக நைட்ரஜன் வேண்டும். தீவனத்தில் அது பெரும்பாலும் புரதத்தில்தான் இருக்கிறது; அந்தப் புரதத்தைச் சிதைத்து அம்மோனியாவாக்கியே நுண்ணுயிர்கள் அதை எடுத்துக்கொள்கின்றன. நெல் வைக்கோலின் உலர் எடையில் புரதம் 3 முதல் 5 விழுக்காடுதான். தீவனம் முழுவதிலும் சேர்த்துப் புரதம் ஏறக்குறைய 7 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால், நுண்ணுயிர்கள் பெருகப் போதிய அம்மோனியா கிடைப்பதில்லை. அவை குறையக் குறைய வைக்கோல் உடைவது மந்தமாகிறது. உடையாத வைக்கோல் அசையூண் வயிற்றை விட்டு வெளியேற வழியில்லை. ஏனெனில் அடுத்த அறைக்குப் போகும் வாயிலைத் துண்டுகள் பொடியாகி நனைந்து கனத்த பிறகே தாண்ட முடியும். வயிறு அடைத்துக்கொண்டிருக்க, ஆடு தீவனத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பானை வயிறும் எலும்பு முதுகும் ஒரே ஆட்டில் சேர்ந்திருப்பது இதனால்தான். வயிறு நிறையப் பட்டினி என்றே இதைச் சொல்ல வேண்டும்.

இங்கேதான் தழை உள்ளே வருகிறது. சவுண்டல் எனப்படும் சூபாபுல், அகத்தி, கிளைரிசிடியா ஆகியவற்றின் இலையில் உலர் எடைக் கணக்கில் பொதுவாக 20 முதல் 25 விழுக்காடு வரை புரதம் உண்டு. 30 கிலோ எடையுள்ள செம்மறி ஒரு நாளைக்கு 900 கிராம் உலர்தீவனம் தின்பதாக வைத்துக்கொள்வோம். அது முழுவதும் 4 விழுக்காட்டு வைக்கோலானால் கிடைக்கும் புரதம் 36 கிராம். அதில் கால் பங்கை, அதாவது 225 கிராமை, 22 விழுக்காடு புரதமுள்ள தழையாக மாற்றினால், மொத்தப் புரதம் சுமார் 76 கிராமாகவும் தீவனத்தின் புரத அளவு எட்டரை விழுக்காடாகவும் உயர்ந்து, 7 என்ற வாசலைத் தாண்டிவிடுகிறது. பச்சைத்தழையில் முக்கால் பங்கு நீர் என்று கொண்டால், 225 கிராம் உலர்தழை என்பது ஏறக்குறைய 900 கிராம் பச்சை இலை. காம்பையும் குச்சியையும் ஆடு மிச்சம் வைக்குமாதலால் ஒடிக்கும் கட்டு அதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும்.

நைட்ரஜன்தான் தேவை என்றால் யூரியா போதாதா என்று கேட்கலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைக்கும் முறை நல்ல முறைதான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் யூரியாவிலிருந்து கிடைப்பது அம்மோனியா மட்டுமே. நாரைச் செரிக்கும் பாக்டீரியாக்களுக்கு அத்துடன் கிளைத்த அமைப்புள்ள சில சிறு கொழுப்பு அமிலங்களும் கந்தகமும் வேண்டும். இலைப்புரதம் சிதையும்போது இவ்விரண்டும் சேர்ந்தே கிடைக்கின்றன. யூரியாவின் அம்மோனியா சட்டென்று எழுந்து அடங்கிவிட, இலையிலிருந்து அது பல மணி நேரம் கசிந்துகொண்டிருக்கிறது. கரைசல் சரியாகக் கலவாமல் ஓரிடத்தில் தேங்கிய யூரியாவைத் தின்ற ஆடு இறந்துபோகவும் கூடும். வைக்கோலில் அநேகமாக இல்லாத, உடலில் வைட்டமின் ஏ-வாக மாறும் கரோட்டினையும், குறைவாக உள்ள சுண்ணாம்புச்சத்தையும் தழை கொண்டுவருகிறது. பாஸ்பரஸ் மட்டும் இரண்டிலும் குறைவு. ஒரு கைப்பிடி அரிசித் தவிடு அதை ஈடுகட்டும்.

இந்த மாற்றத்தை நேரிலேயே எடைபோட்டுப் பார்க்க ஆய்வாளர்களிடம் எளிய வழி ஒன்று இருக்கிறது. ஆட்டின் விலாவில் அறுவைசிகிச்சை மூலம் நிலையான மூடியுள்ள துளை ஒன்றை அமைத்து, நுண்ணிய கண்களுடைய நைலான் பையில் சில கிராம் வைக்கோலை இட்டு, அத்துளை வழியே அசையூண் வயிற்றில் இறக்குவார்கள். பாக்டீரியா பைக்குள் போகும். வைக்கோல் வெளியே வராது. 48 மணி நேரம் கழித்துப் பையை எடுத்துக் கழுவி, உலர்த்தி, எடைபோட்டால் எவ்வளவு கரைந்தது என்பது தெரியும். வெறும் வைக்கோல் தின்னும் ஆட்டைவிடத் தழையும் சேர்த்துத் தின்னும் ஆட்டின் வயிற்றில் அதே வைக்கோல் பொதுவாக விரைவாகக் கரைகிறது. தழையை முதலில் உண்பவை நுண்ணுயிர்களே என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

எல்லாத் தழையும் ஒன்றல்ல. வெள்வேல், கருவேல் போன்றவற்றின் இலையில் துவர்ப்பு மிகுதி. அந்தத் துவர்ப்புக்குக் காரணமான டானின், அசையூண் வயிற்றின் ஏறக்குறைய நடுநிலையான நீரில் புரதத்தைப் பிடித்துக்கொண்டு, நான்காம் அறையின் கடும் அமிலத்தில் அதை விட்டுவிடுகிறது. அளவோடு இருந்தால் இது நன்மையே: இலைப்புரதத்தின் ஒரு பகுதி நுண்ணுயிரின் பிடிக்குத் தப்பி நேரே குடலுக்குப் போய்ச் சேர்கிறது. தீவனத்தின் உலர் எடையில் டானின் 5 விழுக்காட்டைத் தாண்டத் தொடங்கினால் நுண்ணுயிருக்கு நைட்ரஜன் தட்டுப்பட்டு, ஆடும் தின்பதைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே துவர்ப்பான தழையை அகத்தி, சவுண்டலோடு கலந்து போடுவது நல்லது.

சவுண்டலின் சிக்கல் வேறு. அதிலுள்ள மிமோசின் என்னும் பொருள் செம்மறியின் உரோமத்தை உதிர்க்கும். வயிற்றில் அது டி.ஹெச்.பி. என்ற பொருளாக மாறித் தைராய்டைக் கெடுக்கும். ஆஸ்திரேலியாவில் இதனால் கால்நடைகள் நோயுற்றபோது, ஹவாய்த் தீவின் ஆடுகள் அதே இலையைத் தின்று நலமாக இருப்பதை ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் கவனித்தார். அந்த ஆடுகளின் வயிற்றில் டி.ஹெச்.பி.-யைச் சிதைக்கும் பாக்டீரியா இருந்தது. 1980-களில் அது ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்குள் செலுத்தப்பட்டு, 1992-இல் அவர் பெயராலேயே சினர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை எனப் பெயரும் பெற்றது. இந்தப் பாக்டீரியா எந்தப் பட்டியில் இருக்கிறது என்பது வெளிப்பார்வைக்குத் தெரியாது. ஆகவே சவுண்டலை நாளுக்குச் சிறிது சிறிதாகக் கூட்டி, மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்துவதும், மிமோசின் மிகுந்த இளந்தளிரை மட்டும் ஒடித்துக் குவிக்காமல் இருப்பதும் பாதுகாப்பு.

அந்த மூன்றில் ஒரு பங்கு வேறொரு காரணத்துக்காகவும் பொருத்தமான எல்லை. அதுவரை தழை வைக்கோலைத் தின்ன வைக்கிறது. அதற்கு மேல் போனால் வைக்கோலின் இடத்தைத் தானே பிடித்துக்கொள்கிறது. தழை அரிதான கோடையில் அது வீண்செலவு. வாரத்துக்கு ஒருநாள் வண்டி நிறையக் கொட்டுவதைவிட, உள்ளதைப் பங்கிட்டுத் தினமும் காலையும் மாலையும் போடுவதே நுண்ணுயிருக்கு உகந்தது. தரையில் பரப்பினால் பாதி மிதிபட்டுப் போகும். கட்டாகக் கட்டி ஆட்டின் தலையுயரத்தில் தொங்கவிட்டால் இலையை உருவித் தின்றுவிட்டுக் குச்சியை விட்டுவிடும். கிளைரிசிடியாவின் வாடைக்கு முதலில் முகம் திருப்பும் ஆடுகள், அரைநாள் வாடவிட்டுப் போட்டால் பழகிக்கொள்கின்றன.

மரத்தையும் கவனிக்க வேண்டும். நன்கு வேரூன்றிய சவுண்டலைத் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் வெட்டி, மழைக்கும் வளர்ச்சிக்கும் ஏற்ப 40 முதல் 80 நாட்களுக்கு ஒருமுறை மீண்டும் வெட்டலாம். அகத்தி அப்படித் தாங்காது. நடுத்தண்டைத் தாழ வெட்டினால் பட்டுப்போகும்; பக்கக் கிளைகளை மட்டும் ஒடித்து, உச்சியில் கொஞ்சம் இலையை விட்டுவைத்தால்தான் அடுத்த முறைக்குத் தழைக்கும்.