மலிவான கருப்பட்டியைத்தான் மக்கள் விரும்புகிறார்களா?

நெல்லை, தூத்துக்குடிப் பகுதிச் சிறு உற்பத்தியாளர்களுக்கு விலை நிர்ணயம் பற்றி ஆலோசனை சொல்லும் பணியில் வியாபாரிகளிடம் நான் அடிக்கடி கேட்கும் வாதம் ஒன்று உண்டு: "சீனி கலந்த கருப்பட்டிதான் அதிகம் ஓடுகிறது, சனங்கள் விரும்புவதைத்தானே விற்க முடியும்?" வியாபாரியின் விற்பனைக் கணக்கு பொய்யில்லை, அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவுதான் தவறு.

ஒருவர் தமக்கு முன்னுள்ள பொருள்களில் எது மேல், எது கீழ், எது சமம் என்று முரணின்றி வரிசைப்படுத்த வல்லவர் என்ற அனுமானத்திலிருந்தே நுகர்வோர் பற்றிய பொருளியல் மாதிரி தொடங்குகிறது. அந்த வரிசையை எண்களாக எழுதினால் அது பயன்பாட்டுச் சார்பு; கைக்காசுக்குள் அடங்குவனவற்றில் வரிசையில் உயர்ந்ததை அவர் எடுக்கிறார்; விலை மாற மாற அவர் எடுக்கும் அளவு மாறுவதைத் தொகுத்தால் தேவைக் கோடு கிடைக்கிறது. மனத்தை நேரே அளக்க வழியில்லாததால், 1938இல் பொருளியலாளர் பால் சாமுவேல்சன் தேர்விலிருந்து விருப்பத்தை அறியும் வழியை முன்வைத்தார்: வாங்க இயன்றவற்றுள் ஒருவர் எதை எடுத்தாரோ, அதையே அவர் மேலாகக் கருதுகிறார். வியாபாரியின் வாதமும் இதே தர்க்கந்தான்.

ஆனால் இந்தத் தர்க்கம் நிற்க வேண்டுமானால், எடுத்த பொருள் இன்னதென்று எடுத்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பனையேறி நாள்தோறும் மரமேறி இறக்கும் பதநீரை விடிலியில் (காய்ச்சும் குடிசையில்) மணிக்கணக்கில் காய்ச்சிச் சிரட்டையில் வார்த்த கருப்பட்டியும், கூப்பனியோடு (காய்ச்சிக் கெட்டியான பதநீர்ப் பாகோடு) சீனியைச் சேர்த்து வார்த்ததும் கடைப் பலகையில் ஏறக்குறைய ஒரே தோற்றத்தில் இருக்கின்றன. இரண்டும் கருப்பட்டியே என்று நம்பி விலை குறைந்ததை எடுத்தவர், கலப்படத்தை விரும்பினார் என்று எந்தக் கோட்பாடும் சொல்லாது. அவர் வெளிப்படுத்தியது விலை குறைவான கருப்பட்டி மீதுள்ள விருப்பத்தை மட்டுமே.

வாங்குபவருக்குத் தரம் தெரியாததன் விளைவைப் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல், பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கினார். விளக்கத்துக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். அசல் கருப்பட்டி கிலோ 500 ரூபாய்க்கும் கலந்தது 200 ரூபாய்க்கும் தகும் என்று கருதும் ஒருவர், சந்தையில் இரண்டும் சரிபாதி என்று எண்ணினால், 350 ரூபாய்க்கு மேல் தரத் தயங்குவார். அசலைக் காய்ச்ச 400 ரூபாய் செலவாகும் குடும்பம் அந்த விலைக்கு விற்க முடியாமல் விலகும். அதன்பின் கலப்படமே மிஞ்சும். 500 ரூபாய் தர ஆயத்தமாயிருந்தவருக்கும் அசல் கிடைக்காது. வாங்குபவருக்கும் பனையேறிக்கும் ஒருசேர நேரும் இந்த இழப்பு எந்த விற்பனைக் கணக்கிலும் பதிவாவதில்லை என்பதே என் பெருங்கவலை.

உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு இருப்பது நன்மையே. எனினும் அது ஊர்ப்பெயரைக் காக்குமேயன்றி, ஒவ்வொரு சிரட்டையையும் சோதித்துத் தராது. பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் காட்டியபடி, போலியாளருக்குச் செய்யக் கடினமான அடையாளமே நம்பத்தக்கது. ஆகவே உற்பத்தியாளர்களிடம் காய்ச்சும் ஒவ்வொரு தொகுதிக்குமான ஆய்வகச் சான்று, காய்ச்சியவர் பெயர், காய்ச்சிய மாதம் ஆகியவற்றைச் சிப்பத்தில் அச்சிடச் சொல்கிறேன். வாங்குபவர்கள் இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். விடிலிக்கே சென்று வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. கருப்பட்டி சர்க்கரை நோயாளிகளுக்குத் தீங்கு செய்யாது என்ற எண்ணத்தையும் கைவிட வேண்டும். அசல் கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதாவது சீனியில் உள்ள அதே சர்க்கரைதான்.