மெதுவாக ஓடினாலும் அது ஓட்டம்தான்

ஓடாமல் நடந்தே ஆட வேண்டிய கால்பந்துதான் நடைக் கால்பந்து. அதன் நடுவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்த வசனம் இது: "நான் எங்கே சார் ஓடினேன்? மெதுவாகத்தானே போனேன்!"

வேகத்தை யார் கேட்டார்கள்? எந்த நேரமும் ஒரு பாதமாவது தரையில் இருக்க வேண்டும், விதி அவ்வளவுதான். எட்டி எட்டி அடிவைத்து விறுவிறுவென நடப்பவர், மெல்ல ஜாகிங் போகிறவரை முந்தலாம். முந்தியவர் செய்தது சரி, பின்தங்கியவர் செய்ததே தவறு. ஜாகிங்கில் ஒவ்வோர் அடிக்கும் இரண்டு பாதங்களும் ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். ஆடுகிறவருக்கு அது உறைக்காது. தலை மேலும் கீழும் ஆடுவதும் பின்கால் மடங்கி எழும்புவதும் பார்ப்பவருக்குத் தெரியும். நம்பிக்கை இல்லையா? பக்கவாட்டிலிருந்து பாதங்களை ஸ்லோமோஷனில் படம் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். வேகநடைப் போட்டிபோல் முழங்காலை நிமிர்த்தி வைக்கும் கட்டாயம்கூட இங்கே இல்லை.

பந்து எங்கோ இருக்க, மறுபக்கம் நாலடி ஓடிக் காலியிடம் பிடிப்பதும் குற்றம்தான். பெரும்பாலும் இது நடப்பது பந்தைப் பறிகொடுத்த அடுத்த நொடியில். பழைய பழக்கம் காலை இழுக்கும். அந்த நேரத்தில் ஒரு கணம் நின்று, பிறகு நடங்கள்.

2011இல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் ஐம்பது தாண்டியவர்களுக்காகப் பிறந்த ஆட்டம் இது. மூட்டு மாற்றியவரும் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவரும் உங்களை நம்பித்தான் களத்துக்கு வருகிறார்கள். ஒருவர் ஓடினால் ஈடுகொடுக்க எதிராளியும் ஓடுவார். கெண்டைக்கால் தசை கிழிவது அப்போதுதான்.

ஓடினால் எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீகிக், அதாவது நேரடியாகக் கோல் போட முடியாத உதை. பந்திலிருந்து மூன்று மீட்டர் விலகி நில்லுங்கள், முணுமுணுக்காமல். திரும்பத் திரும்ப ஓடினால் பல போட்டிகளில் நீல அட்டை காட்டிச் சிறிது நேரம் வெளியே அனுப்புவார்கள்.

பின்னாலிருந்து பந்தைப் பறிக்காதீர்கள். தோளால் இடிக்காதீர்கள். பக்கச் சுவரோரம் சிக்கியவரை நெருக்கவே நெருக்காதீர்கள். விழுந்தால் அவர் தலை மோதப்போவது அந்தச் சுவரில். பந்து எவ்வளவு உயரம் எழும்பலாம் என்பது போட்டிக்குப் போட்டி மாறும், தலை உயரம் என்பது பரவலான அளவு. ஆரம்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நடுவர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். "போகட்டும், இப்போதுதானே ஆரம்பித்தார்கள்" என்று முதல் ஓட்டத்தை விட்டுவிடாதீர்கள். ஐந்தாம் நிமிடத்தில் ஊதாத விசிலை ஐம்பதாம் நிமிடத்தில் ஊதினால் இரண்டு அணியும் உங்களோடுதான் சண்டைக்கு வரும்.