கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல்

வாடிக்கையாளர் பெயர்: புள்ளி.

ஒரு மருந்துக்கடைக்கு நாங்கள் செய்துகொடுத்த பில்லிங் மென்பொருளில், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பில்லுக்குப் பில் ஒற்றைப் புள்ளிதான் இருந்தது. டேட்டாபேஸைத் திறந்து பார்த்த டெவலப்பர் தலையில் கைவைத்துக்கொண்டார். குறைந்தது மூன்று எழுத்தாவது வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு போட்டார். அடுத்த வாரம் எல்லா பில்லிலும் 'ஏஏஏ'.

மென்பொருள் திரைகளை வடிவமைக்கும் டிசைனராக நான் மாறி அப்போது ஆறு மாதம்தான். அதற்கு முன் நானும் கோடிங் செய்தவன் என்பதால் அந்தக் கட்டுப்பாடு எனக்கும் நியாயமாகவே பட்டது. கடைக்காரருக்குச் சோம்பல் என்று முடிவு கட்டியிருந்தேன்.

சரி, நேரில் பார்ப்போம் என்று ஒரு சாயங்காலம் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டார்கள். ஆறரை மணிக்கு மேல் பக்கத்து கிளினிக் கூட்டம் வந்து மொய்த்தது. பில் போடும் அண்ணன் திரையைப் பார்க்கவே இல்லை. இடது கையில் மாத்திரை அட்டை, வலது கை கீபோர்டில். எங்கள் திரையோ முதலில் பெயரைக் கேட்கும். அதை நிரப்பினால்தான் மருந்துக்கான கட்டம் திறக்கும். பேஸ்ட் வாங்க வந்தவரிடமும் பெயர் கேட்க வேண்டும்.

"தம்பி, எல்லார்கிட்டயும் பேர் கேட்டுட்டிருந்தா கூட்டம் அடுத்த கடைக்குப் போயிடும்."

அப்படியென்றால் பெயர் தேவையே இல்லையா என்றேன். "யார் சொன்னது? டாக்டர் சீட்டு மருந்துக்குக் கேட்டே ஆகணும்" என்று மேசைக்கடியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். ஷெட்யூல் எச்1 என்ற சட்டப் பட்டியலில் இருக்கும் மருந்துகளுக்கான பதிவேடு. சில ஆன்டிபயாட்டிக்குகள், காசநோய் மருந்துகள் போன்றவற்றை விற்றால் மருத்துவர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2014 மார்ச் முதல் இது நடைமுறை. எங்கள் மென்பொருளில் புள்ளி வைத்தவர் நோட்டில் முத்து முத்தாக எழுதியிருந்தார்.

மறுநாள் டெவலப்பரிடம் சொன்னேன். "எது எந்த ஷெட்யூல்னு நம்ம மருந்துப் பட்டியல்லயே இருக்கே!" என்றார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. விடையில் பாதி கடையிலும் பாதி டேட்டாபேஸிலும் கிடந்திருக்கிறது.

புதுத் திரை எதுவும் வரையவில்லை. கர்சர் முதலில் மருந்துக் கட்டத்தில் நிற்கட்டும். எண்டர் தட்டினால் அடுத்த கட்டம். சீட்டு மருந்து பில்லில் ஏறினால் மட்டும் நோயாளி, மருத்துவர் பெயர் கேட்கட்டும். இதை எழுதிக் கொடுத்தேன். "பேர் கேட்கும்போது பில் போடறவர் ஃபோன் எடுக்கப் போயிட்டா, பாதி பில் என்ன ஆகணும்?" என்று டெவலப்பர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மறுபடி ஸ்டூலுக்குப் போனேன். இந்தப் போக்குவரத்துதான் பெரும்பாலும் இந்த வேலை.

டிசைனராக எந்த டூல் கற்க வேண்டும் என்று கேட்பவர்கள் அதிகம். திரைகளை வரையும் ஃபிக்மா இரண்டு வாரத்தில் பிடிபட்டுவிடும். அப்புறம் டேட்டாபேஸில் இருக்கும் டேபிள்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மென்பொருளிடம் ஏற்கெனவே என்னென்ன தகவல் இருக்கிறது என்று தெரியாமல் வரைகிற திரை வெறும் படம்தான். டெவலப்பரிடம் "யூசர் ஃப்ரெண்ட்லியா இருக்கணும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை வைத்து அவர் ஒரு வரிகூட எழுத முடியாது. கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நோட்டோ, ஒட்டிய துண்டுச்சீட்டோ இருந்தால் முதலில் அதைப் படியுங்கள். மென்பொருள் எங்கே கைவிட்டது என்று அது சொல்லும்.

ஒரு திரையை ஐந்து பேரிடம் கொடுத்துச் சோதித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு எளிமை பற்றி ஆராய்பவரான ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். எனக்கு அன்று ஒரே ஆள் போதுமாக இருந்தது.

புள்ளிகள் நின்றுவிட்டன. அந்த நீள நோட்டு மட்டும் இன்னும் மேசைக்கடியில்தான் இருக்கிறது. மருந்து இன்ஸ்பெக்டர் வந்தால் நோட்டைத்தான் கேட்பார் என்கிறார் அண்ணன். அடுத்த முறை அதைப் பற்றி விசாரித்து வர வேண்டும்.