பொம்பா

ஜோகூர் பக்கம் போனால் தீயணைப்பு வண்டியின் முகப்பில் 'பொம்பா' என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்க்கலாம். சிங்கப்பூரிலும் நம் மூத்தவர்கள் சிலருக்கு அது இன்னும் பொம்பாதான். "பொம்பா வண்டி போகுது, எங்கே பத்திக்கிச்சோ" என்பார் என் பாட்டி. எங்கள் காதில் அது பொம்மை வண்டி என்று விழும், சிரிப்போம்.

சொல் மலாய் வழியாக வந்தது. மலாய்க்கு அது போர்த்துகீசியர் கொடுத்தது. 1511ல் மலாக்காவைப் பிடித்து 1641 வரை வைத்திருந்தவர்கள் அவர்கள். சாவி, அலமாரி, ஜன்னல் என்று நம் வீட்டுக்குள்ளேயே அவர்கள் விட்டுப்போன சொற்கள் எத்தனை! அவர்கள் மொழியில் 'பொம்பா' என்றால் நீரை இறைத்துத் தள்ளும் கருவி. வெடிகுண்டுக்கும் அதே சொல்தான் என்பது வேடிக்கை. மலாயில் 'கிரேத்தா பொம்பா' என்றால் நீரிறைக்கும் கருவி வைத்த வண்டி. சைனாடவுனில் உள்ள கிரேத்தா ஆயரில் வருவதும் இதே கிரேத்தாதான். தண்ணீர் வண்டி என்று பொருள். ஆன் சியாங் குன்றின் கிணற்றுநீரை மாட்டு வண்டியில் கொண்டுபோன காலத்துப் பெயர் அது.

கருவியின் பெயர் எப்படித் தீயணைப்புப் படைக்கே பெயரானது? தொடக்கத்தில் படை என்று ஒன்று இங்கே இல்லவே இல்லை. 1830ல் பிலிப் ஸ்திரீட்டில் பிடித்த தீ மார்க்கெட் ஸ்திரீட் வரை பரவி மூன்று நாள் எரிந்தது. அணைக்க ஓடியவர்கள் வாளியோடு ஓடினார்கள். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் சிப்பாய்கள், போலீஸ்காரர்கள், கப்பல் வீரர்கள், இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டு இங்கே கட்டட வேலை செய்த கைதிகள் என்று கிடைத்த ஆட்களே தீயோடு போராடினார்கள். 1869ல் ஒரு தீயணைப்புக் குழு அமைந்தது. முறையான படை 1888ல்தான் உருவானது. 1904ல் மான்டேகு பெட் என்ற தொழில்முறைத் தீயணைப்பாளர் தலைமைக்கு வந்தார். 1909ல் ஹில் ஸ்திரீட்டில் சிவப்பும் வெள்ளையுமாக மத்திய தீயணைப்பு நிலையம் திறக்கப்பட்டது. அதன் கோபுரத்தில் ஏறி நின்றால் ஊரில் எங்கே புகை என்று தெரியும்; நனைந்த குழாய்களைத் தொங்கவிட்டு உலர்த்தவும் அதே கோபுரம்தான். முறையான படை அமையும்வரை ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். நெருப்பு பிடித்த இடத்தில் ஜனங்கள் தேடியது நீர் பீய்ச்சும் கருவியை, அதனால் அதன் பெயரே நின்றது என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, தமிழில் என்ன? கருவியை மட்டும் சொல்வதானால் 'சிவிறி' என்ற அருமையான பழஞ்சொல் இருக்கிறது. பரிபாடலில் வையையில் நீராடப் போகிறவர்கள் கையில் இருப்பது சிவிறிதான். ஒருவர்மேல் ஒருவர் நீரைப் பீய்ச்சி விளையாட.

படைக்கும் நிலையத்துக்கும் நாம் எழுதுவது 'தீயணைப்பு'. தீ, அணைப்பு இரண்டும் சேரும்போது நடுவில் யகரம் வருகிறது. அணைத்தல் என்றால் தழுவுதலும் உண்டே என்று என் மகள் கேட்டாள். உண்டுதான். குழந்தையை அணைக்கிறோம், விளக்கையும் அணைக்கிறோம். முன்னால் வரும் சொல்லே பொருளைச் சொல்லிவிடும். விளக்கை 'அவித்தல்' என்றும் முன்பு சொன்னார்கள், இன்று அவிப்பது முட்டையும் கிழங்கும். யாழ்ப்பாணத்தார் விளக்கை 'நூர்க்க'ச் சொல்வார்கள். அந்த அழகான சொல் இங்கே பரவவில்லை.

ஆளைக் குறிக்கத் 'தீயணைப்பு வீரர்' என்றும் 'தீயணைப்பாளர்' என்றும் எழுதுகிறார்கள். எனக்குப் பின்னது பிடிக்கும். ஒரே சொல்லில் முடிகிறது, பெண்களுக்கும் இயல்பாகப் பொருந்துகிறது. 1989ல் தீயணைப்புப் படை குடிமைத் தற்காப்புப் படையோடு இணைந்துவிட்டது. ஆனாலும் தீப்பிடித்து 995ஐ அழைக்கிற எவரும் வாயால் கேட்பது தீயணைப்பு வண்டியைத்தான். சிவிறியைப் பிள்ளைகளின் நீர்த்துப்பாக்கிக்குக் கொடுத்துவிடலாம், வையைக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.